சர்வர் சென்னையில் இருக்கிறது

பகுத்தறிவை நிலைநாட்டுவதற்காகவே அவன் ப்ளஸ் டூ வேதியியலில் தோற்றான்.

வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

ஹால் டிக்கெட்டின் நான்கு மூலைகளிலும் அம்மா மஞ்சள் வைத்து அனுப்பினாள். தோல்வி. டுட்டோரியலில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டு, மஞ்சளே இல்லாமல் திரும்ப எழுதினான். எழுபத்தெட்டு.

ஆய்வு முடிந்தது. இனி உலகம்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்று கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே, ஷமீம் அக்காவின் நெட் சென்டர். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டான். மேஜைக்கு அடியில் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

பி.எஸ்ஸி. வேதியியல்.

ஆமாம், அதே வேதியியல்.

மனசுக்குள் ஏற்கெனவே வெள்ளைக் கோட்டு போட்டாகிவிட்டது. ஒரு குடுவையில் ஏதோ நீலமாகக் கொதித்துக்கொண்டும் இருந்தது.

பக்கத்து கம்ப்யூட்டரில் ஓர் அப்பாவும் மகளும். கடைசிப் பொத்தானை அழுத்தப் போன மகளின் கையை அப்பா பிடித்து நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து பொட்டலம் எடுத்தார். தண்ணீர் பாட்டில் மூடியில் மஞ்சளைக் குழைத்தார்.

மானிட்டருக்கு நான்கு மூலைகள்.

ஷமீம் அக்கா தலையைத் தூக்கவில்லை.

“அண்ணே, ஸ்க்ரீன்ல படாம ஓரத்துல வைங்க.”

அவனால் பொறுக்க முடியவில்லை.

“சார், சர்வர் சென்னையில இருக்கு. மஞ்சள் இங்க இருக்கு.”

“இருக்கட்டும் தம்பி. அதுபாட்டுக்குப் போயிரும்.”

மகள் அழுத்தினாள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

“அப்பா!” என்று அவள் கத்தியதில் ஜெராக்ஸ் மெஷினே ஒரு நொடி நின்றதுபோல் இருந்தது. பிரிண்ட் எடுத்தார்கள். அதற்கும் நான்கு மூலைகள். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

பாட்டில் மூடி மேஜையிலேயே கிடந்தது. அடியில் கொஞ்சம் மஞ்சள்.

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். அழுத்தினான்.

வட்டம் சுற்றியது.

சுற்றியது.

“கடைசி நாள்ல அப்படித்தான் தம்பி இழுக்கும். எதையும் தொட்டுடாதீங்க. சில பேருக்குப் போகுது, சில பேருக்குப் போகல.”

போகாவிட்டால் இன்னொரு வருடம். அதே வீடு. ‘இப்ப என்ன பண்றே?’ என்று விசாரிக்க வரும் அதே மாமா.

வெள்ளைக் கோட்டில் ஒரு பொத்தான் கழன்றது.

வட்டம் சுற்றியது.

அவன் வாசலைப் பார்த்தான். அப்பாவும் மகளும் தெருவைக் கடந்துவிட்டிருந்தார்கள். சுவரைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

நாற்காலி பக்கத்து மேஜைப் பக்கம் மெல்ல நகர்ந்தது.

ஷமீம் அக்கா தலையைத் தூக்கவில்லை.

“தம்பி, ஓரத்துல.”