போய்ச் சேர்ந்ததா?

"எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சாடி?"

அண்ணி வலப்பக்கம் வந்து நின்று கேட்டாள். எப்போதும் வலப்பக்கம்தான். நாத்தனாருக்கு இடது காது கேட்காது என்பதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

"இன்னும் கொஞ்சம்தான் அண்ணி. நீங்க தலைக்கு மேல நின்னா மட்டும் அது ஓடிடுமா?"

திரையில் பச்சைக் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் நகர்ந்தது.

ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் கிளவுடில் இத்தனை வருடம் கிடந்த அலுவலகக் கோப்புகள் மூலையில் இருந்த இரும்பு பீரோவுக்கு வந்துகொண்டிருந்தன. பீரோவுக்குள் செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. இனி அதுதான் அவர்களுடைய சொந்த சர்வர்.

"வானத்துல இருந்ததைப் பீரோவுல வச்சுப் பூட்டப்போறோம்" என்று காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள் அண்ணி. சாவி அவள் கைப்பையில்.

அடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவரும் பெண்களை ஒளித்துவைப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை.

கோப்புகளில் யாருடைய பெயரும் இருக்காது. நெட்டை, மிளகாய், சிரிப்பு என்று பட்டப்பெயர்தான். அதற்கு நேரே, அவள் இப்போது தங்கியிருக்கும் முகவரி.

அப்படியிருந்தும் இந்த வருடம் மூன்று பேரின் கதவைக் கணவன் வந்து தட்டினான்.

கடைசியாக மிளகாய். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்காமல் கிடக்கிறாள். அவள் மகனின் தண்ணீர் பாட்டில் அலுவலக ஜன்னலில் இருக்கிறது. அதை எடுத்துவைக்க யாருக்கும் கை வரவில்லை.

கிளவுடில்தான் ஓட்டை என்று அண்ணி முடிவு கட்டிவிட்டாள். அடுத்தவன் வீட்டுப் பரணில் நம் நகையை வைத்துவிட்டுத் தூங்க முடியுமா?

பெட்டியை மாடிக்குத் தூக்கிவந்து, சுவரில் துளை போட்டு ஒயர் இழுத்துக் கொடுத்தது அண்ணன். தங்கமான மனிதர். மனைவியைத் திருப்பிக் கேட்டு வீட்டு வாசலில் வந்து அழும் ஆண்களைக்கூடத் திட்டமாட்டார். உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்புவார்.

"எனக்கு வாய்ச்சது எல்லாருக்கும் வாய்ச்சிருந்தா நான் இந்தக் கடையை எப்பவோ மூடியிருப்பேன்" என்பாள் அண்ணி.

அவள் முதன்முதலில் ஒளித்துவைத்த பெண்ணே இந்த நாத்தனார்தான். ஒரு தையற்கடையின் மாடியில்.

கொஞ்ச நாளிலேயே அவள் கணவன் படியேறி வந்துவிட்டான். அன்று போனது இடது காது. எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

பச்சைக் கோடு நிரம்பியது.

இனி ஒரு வேலைதான் பாக்கி. பழைய கிளவுட் கணக்கைத் திறந்துவைத்திருக்கும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறிவிட்டு, அதை மூடவேண்டும். அவள் பட்டியலைத் திறந்தாள்.

அலுவலகக் கணினி. அண்ணியின் போன். வீட்டுக் கணினி.

வீட்டுக் கணினிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. இப்போது திறந்திருக்கும் கோப்பு: முகவரிகள்.

"அண்ணி, வீட்டுல இதைத் திறந்து வச்சுட்டு வந்தீங்களா?"

"நானா? எனக்குப் பாஸ்வேர்டே ஞாபகம் இருக்காது. எல்லாம் உங்க அண்ணன்தான் போட்டுத் தருவாரு." சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே பெருமையாகச் சொன்னாள்.

நேற்றுத்தான் சிரிப்பை இடம் மாற்றியிருந்தார்கள். தாடையில் தையல். பயம் வந்தால் சிரிப்பாள். ஆட்டோவில் போகும்போது வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனாள்.

புது முகவரியை அந்தக் கோப்பில் ஏற்றியது காலையில்தான்.

அவள் வீட்டுக் கணினியை வெளியேற்றும் பொத்தானை அழுத்தினாள். பச்சைப் புள்ளி அணைந்தது.

மேசைமேல் இருந்த அண்ணியின் போன் அடித்தது.

"உங்க அண்ணனாத்தான் இருக்கும். பேசுடி, என் கை எச்சில்."

அவள் போனை வலது காதில் வைத்தாள்.

"பாப்பாவா? கம்ப்யூட்டர் என்னைக் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளிடுச்சே. உன் வேலைதானா?" அண்ணனின் குரலில் எப்போதும் உள்ள வாஞ்சை.

"அண்ணா... அந்த ஃபைலை எதுக்குத் திறந்தீங்க?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணிகிட்ட சொல்லாத பாப்பா. காலையில அந்தச் சிரிப்புப் பொண்ணோட வீட்டுக்காரர் வந்து சின்னக் குழந்தை மாதிரி அழுதாரு. இவரு அந்த ஆஸ்பத்திரிக்காரியோட புருஷன் மாதிரி இல்ல, பார்த்தாலே தெரியுது. வீடு சரியா சொன்னேனான்னு இப்பதான் இன்னொரு தடவை பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது.

"அப்ப உன் வீட்டுக்காரர் வந்து அழுதப்பவும் எனக்கு இப்படித்தான் மனசு கேக்கல. என்ன பண்றது, குடும்பம்னா ஒண்ணா இருக்கணும்ல?"

"சாப்பிட்டாரான்னு கேளுடி" என்றாள் அண்ணி, வலப்பக்கத்திலிருந்து.

"நீ ஒண்ணும் கவலைப்படாத பாப்பா" என்றார் அண்ணன். "இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாரு."