மட்டமான புடவை

வீட்டில் இருப்பதிலேயே மட்டமான புடவையைத் தேடி, அம்சவேணி டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அகப்படவில்லை. இருந்ததெல்லாம் நல்லதாக இருந்தது.

மொத்தம் மூன்று புடவைகள்.

"ஒண்ணு கூடவா தேறல?" என்றான் நந்தகோபால். அவன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் குமாஸ்தா.

"எல்லாம் பளிச்சுனு இருக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

குற்றம் அவளுடையதுதான். இரண்டு புடவைகள் நைந்துபோனால், இரண்டிலும் நல்ல பாதியை வெட்டி ஒன்றாக இணைத்துவிடுவாள். இணைப்பு கொசுவத்துக்குள் மறைந்துவிடும். கஞ்சி போட்டு, பித்தளைச் சொம்பில் நெருப்பை அள்ளி வைத்துத் தேய்த்தால், ஜவுளிக்கடைக்காரனே எங்கே எடுத்தது என்று கேட்பான். கணவனின் சட்டைக் காலரைப் பிரித்துத் திருப்பித் தைப்பாள். மிஞ்சிய துண்டுகள் மகளுக்குப் பாவாடை.

தெருவில் அவர்களை வசதியான குடும்பம் என்று நினைத்தார்கள். அம்சவேணி ஒருநாளும் மறுத்ததில்லை.

இப்போது மறுக்க வேண்டி வந்தது. மகள் மனோரமா ஐந்தாவது தேறியிருந்தாள். மிஷன் பள்ளியில் ஃபர்ஸ்ட் ஃபாரம் சேர, பாதிக் கட்டணம் மட்டும் கட்டும் அரைச் சம்பளச் சலுகைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் பத்து மணிக்குத் தாயும் மகளும் தலைமையாசிரியையைப் பார்க்க வேண்டும். சலுகை கிடைத்தால் படிப்பு. இல்லையென்றால் ஐந்தாவதோடு சரி.

"எங்க ஷாப்பு ஏசுராஜ் சம்சாரம் போன வருசம் பட்டு கட்டிக்கினு போச்சு. உங்களுக்கு எதுக்கும்மா அரைச் சம்பளம்னு அனுப்பிட்டாங்க" என்றான் நந்தகோபால். "நீ இப்டியே போனா, முழுச் சம்பளம் வாங்கிக்கினு நன்கொடையும் கேப்பாங்க."

அவனை முறைத்துவிட்டு, அவள் பின்வீட்டுக்குப் போனாள்.

பின்வீட்டில் தனகோடி. தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிப்பவள். ஒண்டிக்கட்டை.

"தனகோடி, உன் புடவை ஒண்ணு குடேன். நாளைக்கு ஒரு வேளைக்கு."

"எம் புடவையா? இன்னாக்கா, எதுனா வேண்டுதலா?"

"பாத்தா பாவமா இருக்கணும். ஒரு காரியமா போறேன்."

தனகோடி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கொடியில் கிடந்ததை எடுத்து விரித்தாள். உடம்பெல்லாம் பட்டைக் கறை. முழங்கால் பக்கம் நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். "இதுக்கு மேல பாவம் வோணும்னா அடுப்பாண்ட கரித்துணிதான் இருக்குது."

"இது போதும்."

"அப்ப உன்னுது ஒண்ணு எனக்குக் குடுக்கா. எனக்கும் காலையில ஒரு எடத்துக்குப் போவணும். வேலை விசயம்."

எங்கே என்று அம்சவேணி கேட்கவில்லை. கிழிசல் எங்கே வந்து விழும் என்று இடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலை எட்டு மணிக்குத் தன் நீலப் புடவையை அவளே தனகோடிக்குக் கட்டிவிட்டாள். கொசுவத்தை ஒவ்வொன்றாக விரலால் நீவினாள். முந்தானையை மடித்து ஊக்கு குத்தினாள்.

"சாயங்காலம் இப்டியே வரணும். கறை பட்டுது, கொன்னுடுவேன்."

தனகோடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

பிறகு அம்சவேணி கிழிசலை எடுத்துத் தான் கட்டிக்கொண்டாள். கை தானாகக் கொசுவத்தைச் சீர்படுத்தியது.

"கலைச்சி வுடு" என்றான் நந்தகோபால்.

கலைத்தாள். கை மறுபடியும் போயிற்று.

"கையக் கட்டிக்கினு போ. இல்லன்னா காரியம் கெட்டுது."

கடைத்தெருவை விட்டுவிட்டு, ரயில் பாதை ஓரமாகவே மகளை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

தலைமையாசிரியை கிருபா அம்மாள் இந்த ஜூனில்தான் ஊருக்கு வந்தவர். தாயை மேலும் கீழும் பார்த்தார். மகளின் மதிப்பெண்களைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"தோல் ஷாப்ல குமாஸ்தாங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அம்சவேணி கிழிசலை அவர் கண்ணில் படும்படி மெல்ல முழங்காலுக்கு மேலே இழுத்து வைத்தாள். பேனா நகர்ந்தது.

"அரைச் சம்பளம் போட்டிருக்கேன். பொண்ணு நல்லாப் படிக்கணும்."

அம்சவேணிக்குக் கண் கலங்கியது. கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

"இருங்கம்மா. ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. ஏழையா இருக்கறது குத்தமில்லை. அதுக்காக ஒரு தாய் இந்தக் கோலத்துல வரலாமா?"

அம்சவேணி வாயைத் திறந்தாள். கையெழுத்து இன்னும் காயவில்லை. மூடிக்கொண்டாள்.

"ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு ஒழுங்கா உடுத்தச் சொல்லிக் குடுக்க, இன்னிக்குக் காலையில ஒரு அம்மாவை வேலைக்கு எடுத்தேன். பட்டை இடிக்கற பொம்பளை. உங்களைவிட இல்லாதவங்க. ஆனா அந்தக் கொசுவத்தைப் பாத்ததும் நான் மேற்கொண்டு ஒரு கேள்வி கேக்கலை."

ஜன்னலைக் காட்டினார். வேப்பமரத்தடியில் சிறுமிகள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில், மூச்சைப் பிடித்தபடி, நீலப் புடவையில் தனகோடி.

"அம்மா, அது நம்ம..." என்று மனோரமா ஆரம்பித்தாள். அம்சவேணி அவள் தொடையைக் கிள்ளினாள்.

கிருபா அம்மாள் தாளை நீட்டினார்.

"போறப்ப, அவங்ககிட்ட புடவை கட்டக் கத்துக்கிட்டுப் போங்க."