ஹாலில் படுத்தவர்

சண்டை போட்டுவிட்டுக் கதிரேசன் ஹாலில் போய்ப் படுத்ததை உமையாள் தடுக்கவில்லை. காலையில் பார்த்தால், வீடே அவன் சட்டைகளைப் பெட்டியில் மடித்து வைத்து, வாசலுக்கு டாக்சியும் வரவழைத்திருந்தது. ஹாலில் படுப்பவர் விருந்தாளி. வீட்டுக்காரர் யாரும் மாற்றிச் சொல்லாவிட்டால் விடிந்ததும் வழியனுப்ப வேண்டும். வீட்டை நடத்தும் மென்பொருளோடு கூடவே வந்த விதி அது.

"இருக்கட்டும்னு வீட்டுக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். நான் சொன்னா கேக்காது, விருந்தாளியாச்சே!"

"நான் ஏன் சொல்லணும்? கோவிச்சுக்கிட்டுப் போய்ப் படுத்தது நீங்கதானே!"

டாக்சி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. உமையாள் விருட்டென்று உள்ளே போய்த் தன் தலையணையைக் கொண்டுவந்தாள். ஹாலில் பொத்தென்று போட்டுப் படுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரா? பெரிய வண்டியா வரச் சொல்லட்டுமா?" என்று வீடு கனிவாகக் கேட்டது.

வேண்டாம் என்று சொல்ல, இப்போது அங்கே வீட்டுக்காரர் என்று யாருமே இல்லை.