அரை அங்குலம்

சரயூ மறுபடியும் தரையில் விழுந்து கும்பிட்டாள். இது பதினேழாவது ஆள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பண்டரிபுரம் போகிற பாதையில், அறுபது இடத்தில் தண்ணீர்க் குழாய் மேடை கட்டப் போகிறார்கள். வடிவமைப்பு என்னுடையது. மாதிரிக்கு ஒன்றே ஒன்று கட்டி, நடந்து வந்த யாத்திரைக் குழு ஒன்றை அதில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அறக்கட்டளைத் தலைவர் மோஹிதே இன்று கையெழுத்துப் போட்டால், நாளைக்கே மிச்ச மேடைகளுக்குக் கான்கிரீட் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

மேடையில் என் பெருமையே தரைதான். ஈரத்தில் ஒருத்தரும் வழுக்கி விழக்கூடாது என்று, அரை அங்குல இடைவெளியில் சிமெண்டில் கோடு கோடாக மேடு எழுப்பியிருந்தேன். அந்த அரை அங்குலத்தைக் கண்டுபிடிக்க நாலு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

சரயூ எங்கள் புணே அலுவலகத்தில் சேர்ந்து ஐந்து மாதம். இந்தத் தொழிலுக்கு முக்கியமாக என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நேர்முகத் தேர்வில் கேட்டதற்கு, எல்லாருக்குள்ளும் பண்டரிபுரத்து விட்டல் ஒருத்தன்தான் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும் என்றாள். நான் சிரித்துவிட்டேன். கைவேலை சுத்தமாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்றைக்கு அவள் வேலை சுலபம். குழாயடியில் நின்று, யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். அவளோ வருகிறவர் ஒவ்வொருவரையும் "மாவுலி", அதாவது தாயே, என்று கூப்பிட்டு, காலடியில் நெற்றியை வைக்கிறாள். யாத்திரையில் எல்லாருக்கும் எல்லாரும் தாய்தான், வழக்கம் அப்படித்தான். ஆனால் ஒருத்தர் விழுந்தால் எதிரே இருப்பவரும் பதிலுக்கு விழ வேண்டுமே! தலைப்பாகைக்காரர் ஒருவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் காலில் விழ, பின்னால் வரிசை முட்டிக்கொண்டு நின்றது.

மோஹிதே முன்னால் படம் காட்டுகிறாளா? நிஜமாகவே பக்தியா? வேலைக்கு டிமிக்கியா? ஒன்றும் புரியவில்லை.

போதாததற்கு அவள் நெற்றியில் குறுக்கே கோடு கோடாக ஏதோ பூச்சு. யாத்திரைக்காரர்கள் வைப்பது நெடுக்கு. இது என்ன புதுசு? காலையில் காரில் வரும்போது இல்லையே!

நான் என் வேலையைப் பார்த்தேன். மேடையை விட்டு இறங்கியவர்களை எல்லாம் நிறுத்தி, தரை எப்படி, ஐந்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டு பேரும் ஐந்துதான் போட்டார்கள். "ரொம்ப நல்லா இருக்கு மாவுலி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மோஹிதே பேனாவைத் திறந்தார்.

"சார், கையெழுத்து வேண்டாம்" என்றாள் சரயூ.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை.

"சாமி கும்பிட வந்தியா, வேலை பார்க்க வந்தியா?"

அவள் மெதுவாகத்தான் பேசினாள். "யாருமே பாதத்தை முழுசா ஊனலை சார். விரலை மடக்கிக்கிட்டு கால் ஓரத்துல நிக்கறாங்க. எல்லாம் வெறுங்காலு. அடியில பூராக் கொப்புளம். குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியுது."

"அப்புறம் எதுக்கு அஞ்சு மார்க் போட்டாங்க?"

"தண்ணி குடுத்தவங்ககிட்ட யாராவது குறை சொல்லுவாங்களா? எது குடுத்தாலும் அவங்களுக்குப் பிரசாதம் சார். எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

மோஹிதே பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு மானம் போனது. விட்டேனா?

"பத்து நாளா நடக்கறவங்களுக்குக் கால் வலிக்காம என்ன செய்யும்? அது என் தரையாலதான்னு எப்படிச் சொல்றே? நான் இந்த மேடையில மூணு மணி நேரமா நிக்கறேன், எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

அவள் என் ஷூவைப் பார்த்தாள்.

அதில் எனக்கு இன்னும் எரிச்சல். "முதல்ல அந்த நெத்தியைத் துடை. அறக்கட்டளை வேலைக்கு வந்தா வேஷமும் போடணுமா?"

அவள் துப்பட்டாவை எடுத்து அழுத்தித் துடைத்தாள். தூசி போனது. கோடுகள் போகவில்லை.

சிவந்து, கன்றிப்போய், அங்கங்கே தோல் உரிந்து நாலு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் சரியாக அரை அங்குலம்.