நசுங்கிய வாளி

“பாலைக் கொஞ்சம் இறக்கேன், தாயே! ஆபீசர் பார்த்துக்கிட்டே நிக்கிறார்” என்றது மடிக்குக் கீழே இருந்த புது எவர்சில்வர் வாளி.

செவலைப் பசு பாலை அடக்கிக்கொண்டு நின்றது. நசுங்கிய இடுக்கில் அழுக்குத் தங்கும் என்று சொல்லி, பழைய பித்தளை வாளியை, பால் லைசென்ஸுக்காகச் சோதிக்க வந்த அதிகாரி அன்று காலைதான் தொழுவத்தைவிட்டு அனுப்பியிருந்தார்.

“பால் இல்லேன்னா லைசென்ஸ் இல்லை. உன்னைச் சந்தைக்குத்தான் ஓட்டுவாங்க. எங்கிட்ட என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லடா, அதான் பழக வரலை. அந்த வாளியை நசுக்கினது நான்தான். தலையீத்துல, பயத்துல உதைச்சேன். மறுநாளும் அதே இடத்துல வந்து உக்காந்துச்சு.”

வெளியே யாரோ பித்தளை வாளியைக் குழாயடியில் வைத்தார்கள். தண்ணீர் விழுந்ததும் அந்தப் பழைய கணகணப்பு கேட்டது. செவலையின் காதுகள் அந்தப் பக்கம் திரும்பின. காம்புகள் தாமாகக் கசிந்தன. புது வாளி சத்தம் போடாமல் ஏந்திக்கொண்டது.

பாலைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதிகாரி கிளம்பினார். பிறகு பித்தளை வாளியில் தவிட்டுத் தண்ணீர் வந்தது. செவலை குடித்து முடித்தது. நசுங்கிய இடுக்கில் கொஞ்சம் தவிடு தங்கியிருந்தது. அதையும் சுத்தமாக நக்கிவிட்டுத் தலையைத் தூக்கியது.