பதினெட்டு வளைவு

"வண்டியத் திருப்பு ஸம்றா! அந்த ஓட்டோ கியர் கார் மலை ஏறாதெண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னன்தானே!"

கல்முனையிலிருந்து போனில் அண்ணன் பஸால் கத்தினான். பதினெட்டு வளைவுப் பாதையின் பாதியில், மலையோரம் நின்ற பழைய காருக்குள் அவன் குரல் அதிர்ந்தது.

"ஏறும் காக்கா," என்றாள் ஸம்றா. "திருப்ப மாட்டன்."

உண்மையில் கார் ஏறவில்லை. மஹியங்கனை தாண்டி மலை தொடங்கியதிலிருந்தே எஞ்சின் இரைந்ததே தவிர வேகம் கூடவில்லை. பிறகு எரிந்த வாடை. பிறகு கியர் எண்ணெய் சூடாகிவிட்டதென்று முன்பலகையில் ஒரு விளக்கு. கொஞ்சம் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் போன் அடித்தது.

"பொண்ணு மாப்பிள்ளை வீட்டத் தேடிப் போறது எந்த ஊர் வழக்கம்? நம்மட ஊர்ல மாப்பிள்ளைதானே வாறது?"

"வர இருந்தவர வர வேணாமெண்டு சொன்னது ஆரு? நீங்கதானே! அவர் வர ஏலாட்டி நாங்க போவம்."

"ஊர் சிரிக்குது! வாப்பா இருந்திருந்தா இப்பிடி ஒண்டு நடக்குமா?"

ஸம்றாவுக்குச் சிரிப்பு வந்தது. "அது சரிதான் காக்கா. வாப்பா இருந்திருந்தா இந்தக் கல்யாணமே இல்ல."

போனை அணைத்தாள்.

பக்கத்து இருக்கையில் உம்மா கமீலா முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். "திரும்புவமா மகள்? அல்லாஹ்வுக்கே விருப்பமில்லையோ என்னவோ."

"அல்லாஹ் ஒண்டும் தடுக்கல்ல உம்மா. ஒயில் கொதிச்சிருக்கு, அவ்வளவுதான்."

கியரை நியூட்ரலில் விட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கிப் பொனட்டைத் திறந்தாள். எண்ணெய் சுற்றிச் சுற்றி ஓடினால்தான் ஆறும். பல வருஷமாக அவள் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்வருவது இந்தக் காரில்தான். அதன் இருமலும் முனகலும் அவளுக்குத் தெரியும்.

மேலிருந்து இறங்கிவந்த வெறும் லொறி ஒன்று பக்கத்தில் நின்றது. சாரதி தலையை நீட்டினார்.

"என்ன தங்கச்சி, நிண்டுட்டா? நான் நல்லரெத்தினம், திருக்கோவில். கண்டியில நெல்லு இறக்கிட்டு வாறன்." இறங்கி வந்து மூக்கைச் சுளித்தார். "கியர் எரிஞ்ச மணம். இது இனி ஏறாது. சங்கிலி போட்டு மஹியங்கனைக்கு இழுத்துட்டுப் போகவா?"

"வேணாம் அண்ணன். ஓட்டோ கியர் வண்டியச் சில்லு உருள இழுத்தா மிச்ச கியரும் போயிரும்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"ஏறப் போறம். கண்டிக்கு அங்கால அக்குறணையில அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ்."

அவர் ஸம்றாவின் மினுங்கும் புது அபாயாவைப் பார்த்தார். "பொண்ணே கார் ஓட்டிப் போறதை இப்பத்தான் காணுறன்," என்று சிரித்தார்.

ஸம்றாவும் சிரித்தாள். உம்மாவின் முகம் சிவந்தது. அடுத்த நிமிடம் கமீலா கதவைத் திறந்து இறங்கினாள்.

"மகள், பின்னுக்கு இரிக்கிற அரிசி மூட்டையெல்லாம் இறக்கு."

"உம்மா, அது மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போறதெல்லா?"

"பாரம் குறைஞ்சா ஏறுமா, ஏறாதா?"

"ஏறும்."

"அப்ப இறக்கு." நல்லரெத்தினத்திடம் திரும்பினாள். "தம்பி, போற வழியில கல்முனையில என்ட மகன் பஸால்ட வீட்டு வாசல்ல இதைப் போட்டுருங்க. உம்மா தந்தா, கல்யாணச் சோறு ஆக்கட்டாம் எண்டு சொல்லுங்க."

அவர் ஒருகணம் விழித்தார். பிறகு "ஓம் அக்கா" என்று விலாசத்தைக் கேட்டுக்கொண்டு மூட்டைகளைத் தூக்கினார். போகும்போது ஹோர்ன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார்.

விளக்கு அணைந்ததும் ஸம்றா ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, கியரைக் கீழே இழுத்து முதலாவதில் பூட்டினாள். கார் நடந்து போகிறவனின் வேகத்தில் ஏறியது. இரண்டொரு வளைவு ஏறுவது, நிறுத்துவது, ஆறவிடுவது. மறுபடி ஏறுவது. பின்னால் வந்த பஸ் பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தது.

"அடிக்கட்டும்," என்றாள் கமீலா. "நீ பாத்து ஓட்டு மகள்."

போன் மறுபடி அடித்தது. இந்த முறை அதை எடுத்தது உம்மாதான்.

"பஸால், வண்டி நிண்டா நடந்தெண்டாலும் போவம். ஊர் சிரிச்சா வாய் வலிக்கிற மட்டும் சிரிக்கட்டும். நீ வாறதெண்டா வா."

பதில் கேட்காமலே வைத்தாள்.

கடைசி வளைவு தாண்டி குளிர்காற்று அடித்தபோது, இருவரும் ஒரே நேரத்தில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள்.

அக்குறணையில் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கூடியிருந்தார்கள். முதல் நாளே வந்துவிட்ட மாமா, உம்மாவின் தம்பி, வாசலில் கையசைத்தார். காரைக் கண்டதும் மாப்பிள்ளையின் தங்கை ஹிமாயா ஓடிவந்தாள். சாரதிக் கதவால் இறங்கிய ஸம்றாவின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டு, அவளைக் கடந்துபோய் மற்றப் பக்கக் கதவைத் திறந்தாள்.

"வாங்க மதினி! எங்கட நானா காலையிலிருந்து வாசலையே பாத்துட்டு நிக்கிறார்."

ஸம்றாவின் போன் அடித்தது.

"ஓம் காக்கா, வந்து சேர்ந்துட்டம். உம்மா இப்பத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குள்ள போறா."