அஸீம் போட்ட பூட்டு

“மறந்து போச்சாம்! போன மாசம் தன்ர கையால போட்ட பாஸ்வேர்ட் இவருக்கு மறந்து போச்சாம், தம்பி!”

மூதூரிலிருந்து முதல் லோஞ்சுப் படகில் வந்திறங்கிய ஜெமீலா, மடிக்கணினியைக் கொண்டுவந்து பாக்கியரத்தினத்தின் மேசையில் வைத்தாள். பின்னாலேயே வந்த அவள் கணவன் அஸீம் வாசலைத் தாண்டவில்லை. திருகோணமலையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் பாக்கியரத்தினத்துக்குப் புருசன் பெண்சாதிச் சண்டை புதிதல்ல. கதிரையை இழுத்துப் போட்டான்.

“இருங்க அக்கா. என்ன நடந்தது?”

“ஊர்ல சண்டை தொடங்க முன்னம் இதுக்குப் பாஸ்வேர்டே இல்ல. ஷெல் விழத் தொடங்கினதும் நானும் மகளும் கந்தளாய்க்கு ஓடிட்டம். இவர் கடையப் பார்க்கோணுமெண்டு நிண்டு, பிந்தித்தான் நடந்து வந்தவர். இப்ப வீட்ட வந்து அலுமாரியத் திறந்தா லெப்டொப் இருக்கு, உள்ளுக்குப் போக ஏலாது!”

“களவெடுக்க வாறவனுகள் பார்க்காம இருக்கத்தான் போட்டனான்” என்றான் அஸீம்.

“நல்லது. இப்ப திறங்க.”

அஸீம் கூரையைப் பார்த்தான்.

“மகள்ட பேரப் போட்டுப் பார்த்தன். கடைப் பேரப் போட்டன். மாமிட பேரையும் போட்டன். திறக்குதில்ல. இவருக்கு வேற ஆர்ர பேர் இருக்கு தம்பி?” நக்கலாகத் தொடங்கிய குரல் கடைசியில் தழுதழுத்தது. இத்தனை நாளும் கேட்கப் பயந்திருந்த கேள்வி அதுதான்.

அஸீம் அவசரமாக உள்ளே வந்தான். “தம்பி, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க. வைரஸ் வராதாம். காசும் இல்லையாம். அருமையான சாமானாம்!”

பாக்கியரத்தினத்தின் முகம் மலர்ந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் லினக்ஸ் சீடியை நீட்டி அலுத்துப் போனவன் அவன். தானாகக் கேட்டு வந்த முதல் ஆள் அஸீம்தான். ஆனாலும் தொழிலில் பொய் சொல்லத் தெரியாதவன்.

“ஓம் அஸீம் நானா, வைரஸ் தொல்லை குறைவு. ஆனா மகள் விளையாடுற கேம் ஓடாது. பிரிண்டர் வேலை செய்யுமெண்டு சொல்லேலாது. பிழைச்சா இந்த ஊரில திருத்த நான் ஒருத்தன்தான். மற்றது, இறங்குதுறையில நேவிக்காரன் திறக்கச் சொன்னா, கண்டறியாத திரையக் கண்டு இது என்ன சாமானெண்டு உங்களை மறிச்சு வைப்பான். விண்டோஸெண்டா அவனுக்கும் தெரியும்.”

“மறிக்கட்டும். நான் கதைச்சுக்கொள்றன். நீங்க அழியுங்க!”

“அழிக்கிறதா?” ஜெமீலா மடிக்கணினியை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள். “மகள் றம்லா பிறந்தது, தவழ்ந்தது, நடக்கப் பழகினது எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. அல்பமெல்லாம் மற்ற அறையோட எரிஞ்சு போச்சு. பெத்த வாப்பாவே அழிக்கச் சொல்றாரெண்டா, உள்ளுக்கு எவள்ட சங்கதி இருக்கோணும்?”



“அழிக்கத் தேவையில்ல அக்கா” என்றான் பாக்கியரத்தினம். “நானா சொன்ன லினக்ஸே போதும். இந்தச் சீடியில இருந்து மெஷினை எழுப்பினா, விண்டோஸ் பாஸ்வேர்ட் கேக்காமலே உள்ள இருக்கிறதெல்லாம் பார்க்கலாம்.”

அஸீமுக்கு முகம் வெளிறிவிட்டது. “அப்ப பாஸ்வேர்ட் எதுக்கு?”

“அது முன்கதவுப் பூட்டு நானா. பின்பக்கக் குசினிக் கதவு சும்மாதான் கிடக்கு. டிஸ்க் முழுக்கப் பூட்டவும் வழி இருக்கு. ஆனா அதுக்குப் பிறகு நீங்க மறந்தா என்னாலயும் திறக்க ஏலாது.”

“தம்பி, கரண்ட் போற நேரம்...”

“போகாது” என்றாள் ஜெமீலா.

சீடி சுழன்றது. கொஞ்ச நேரத்தில் றம்லாவின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பல் முளைக்காத சிரிப்பைக் கண்டதும் ஜெமீலாவின் கண் கலங்கியது. கோபம் பாதி இறங்கிவிட்டது. அப்போதுதான் படங்களுக்குக் கீழே இருந்த ஒரு வீடியோ அவள் கண்ணில் பட்டது. அவள் ஊரை விட்டு ஓடியதற்கு அடுத்த நாள் எடுத்தது.

“இது என்ன?”

“அது... கமெரா வேலை செய்யுதா எண்டு பார்த்தது. வீட்ட போய்ப் பார்ப்பம் புள்ள. தம்பிக்கு முன்னால வேணாம்.”

“தம்பியும் பார்க்கட்டும். ஆரெண்டு தெரிஞ்சாப் போதும், நான் இப்பிடியே உம்மா வீட்ட போறன்.” அவளே வீடியோவை அழுத்தினாள்.

மெழுகுதிரி வெளிச்சத்தில் அஸீமின் முகம் வந்தது. தலை கலைந்து, கண் சிவந்திருந்தது. எங்கேயோ ஷெல் விழும் சத்தம் கேட்டது.

“ஜெமீலா” என்றான் திரையில் இருந்த அஸீம். “நான் இந்த ஷெல்லில மௌத்தாகிட்டா நீ முதல்ல உன்ர பேரத்தான் போட்டுப் பார்ப்பாயெண்டு தெரியும், அதான் அதையே பாஸ்வேர்டா வெச்சன்; உசிரோட இருக்கக்குள்ள சொல்ல வெக்கப்பட்டதெல்லாம் இப்ப சொல்லப் போறன், கேளு புள்ள.”